வைகை மணலில் ஓர் இரவு

செட்டிநாடு மாளிகைகளால் பெயர் பெற்றது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய ஊர்களில், முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் மறுதெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளை இன்றும் காணலாம். இத்துணைச் செல்வம் கொழித்த அந்நாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்து வைத்தும், ஊர்தோறும் ஊருணி வெட்டிக் காத்தும் வாழ்ந்தவர்கள் அந்நாட்டு மக்கள். ஆற்றில் ஓர் இரவு தங்கி வருதல் இத்தகையோர்க்கு எத்துணை மகிழ்ச்சி தரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர்களுக்கு அண்மையிலுள்ள பேராறு வைகை. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த வருசநாட்டுப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வழியாக ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடுகின்றது. காரைக்குடியிலிருந்து சிவகங்கை வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால், வைகையின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் மானாமதுரையை அடையலாம். அவ்வூர்ச் சித்திரைத் திருவிழாவில் வீர அழகர் ஆற்றில் இறங்குவார். அவ்விழாவை ஒட்டி, முழுநிலவு காயும் இரவில், ஊராரும் சுற்றூராரும் குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குள் சென்று மணலில் அமர்ந்து உண்பர். இதனை நிலாச்சோறு என்பர்.

சித்திரை மாதத்தில் வைகையில் பெரும்பாலும் நீர் இராது. கரையிலிருந்து கரை வரை வெண்மணலே தோன்றும். அங்கே கடை இல்லை, சத்திரம் இல்லை, குழாய் இல்லை, கூரையும் இல்லை. அத்தகைய இடத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடும் காளைகளோடும் இரவைக் கழிப்பது எங்ஙனம்? பார்வைக்கு வறண்டு கிடக்கும் அம்மணலே அதற்கு வேண்டுவனவற்றுள் பெரும்பகுதியைத் தருகின்றது. அதனைப் பெறும் முறையை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். மணலும் அங்கே இருத்தல் வேண்டும்.

வெளியிடத்தில் தங்கும் பழக்கம் செட்டிநாட்டார்க்குப் புதியதன்று. தைப்பூசத்திற்குக் குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் நகரத்தாரிடையே ஏறத்தாழ 400 ஆண்டுகளாக இருந்து வருகின்றது. உப்பு வாணிகத்தின் பொருட்டுப் பழனிப் பக்கம் சென்ற வணிகர் இதனைத் தொடங்கினர் என்பர். நடப்போர்க்கு வேண்டிய அரிசியும் பாத்திரமும் படுக்கையும் முற்காலத்தில் மாட்டுவண்டிகளிலே சென்றன. வழியில் தங்கித் தங்கிச் சென்று, பழனியில் சண்முகநதியில் நீராடுவர். மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர்கோயிலுக்கும் இவ்வாறே இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிச் சிற்றூர் மக்கள் கூண்டு வண்டிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு செல்வதுண்டு. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இக்காலத்தும் அவ்வழக்கத்தை விடாத ஊர்கள் சில இருக்கின்றன.

கூண்டு வண்டி வழியில் ஊர்தியாகும், தங்குமிடத்தில் வீடாகும். மூங்கிற் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, அவற்றின்மேல் பாயோ கீற்றோ வேய்ந்த கூண்டு, வெயிலையும் பனியையும் ஒருங்கே தடுக்கும். வண்டிக்குள் வைக்கோலைத் திண்டாகப் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரிப்பர். அவ்வைக்கோல் வழியெல்லாம் குலுக்கலைத் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் காளைகளுக்குத் தீனியாகும். எஞ்சியது இரவில் படுக்கைக்கு அடியில் கிடக்கும். ஒரு பொருளை மூன்று வேலைக்குக் கொள்வதே இப்பயணத்தின் நுட்பம். கொண்டு செல்லும் சாமான் கூடக்கூடக் காளைகளின் கழுத்தில் சுமை ஏறும் என்பதை வீட்டுப் பெண்டிர் நன்கு அறிவர். ஆதலின் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், உப்பு, எண்ணெய் ஆகியவற்றை அளந்து முடிந்து வைப்பர். ஒரு மண்வெட்டி, ஓர் அரிவாள், தாம்புக்கயிறு, இரண்டு பானை, ஓர் அகப்பை, அரிக்கேன் விளக்கு, பாய், போர்வை ஆகியவற்றோடு ஏற்றுமதி முடியும். வண்டிக்காரர் தம் பங்குக்கு அச்சுக்கு மை போடுவார். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்புக் குழம்பே அந்த மை. அது இல்லையேல் அச்சும் சக்கரமும் உராய்ந்து சூடேறும்; சக்கரம் எழுப்பும் ஓலத்தில் குழந்தைகள் உறங்குவதும் அரிது.

சித்திரை வெயிலில் பகற்பயணம் காளைக்கும் ஆகாது, மனிதர்க்கும் ஆகாது. மாலையில் பூட்டி இரவில் ஓட்டி, மறுநாள் வெயில் ஏறுமுன் ஒரு தோப்பில் அவிழ்த்து விடுவதே முறை. மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்கும் காளைகளுக்குக் காரைக்குடியிலிருந்து மானாமதுரை செல்வது இரண்டிரவு வேலை. வழிக்கு வேண்டிய உணவு கட்டுச்சோறு. அதற்குப் புளிச்சோற்றினும் சிறந்தது இல்லை. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் புளிப்பு மிகுந்த இடத்தில் எளிதில் பெருகமாட்டா. புளியோடு சேர்ந்த உப்பும் அவற்றைத் தடுக்கும். நல்லெண்ணெய் சோற்றை உலரவிடாது. நுண்ணுயிர் என்ற சொல்லையே கேட்டிராத பாட்டிமார் இதனைத் தம் கைப்பழக்கத்தால் கண்டு வைத்திருந்தனர்.

ஆற்றை அடைந்ததும் முதல் வேலை இடம் தேர்தல். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடம் தங்குவதற்கு நல்ல இடமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆற்றின் நடுவே தாழ்ந்து செல்லும் நீரோட்டத் தடம் கூடாது. கரைக்கு ஏறும் வழி அருகில் இருக்கும் மணல்மேடே தக்கது. பட்ட கிளைகளைத் தாங்கி நிற்கும் முதிய மரத்தின் அடியும், காய்த்து நிற்கும் பனையின் அடியும் ஆகா. வண்டிகள் பல சேர்ந்து வந்தால், காற்று வரும் திசையில் அவற்றைப் பிறைபோல் நிறுத்துவர். அப்பிறையின் உட்புறம் குடும்பத்தாரின் முற்றமாகும். காளைகளைக் கட்டுமிடம் ஆற்றின் போக்கில் கீழ்ப்பக்கத்தில் இருக்கும். குடிநீர் எடுக்குமிடம் மேற்பக்கத்தில் இருக்கும். இந்த ஒழுங்கு மாறினால் சாணமும் கழிவும் குடிநீரில் கலந்துவிடும். மணலின் மேற்புறத்தை ஒரு விளாரால் வாரிப் பார்ப்பதும் இன்றியமையாதது. வைகையின் கரையிலும் ஆற்றுக்குள்ளும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலின் முள் காலுக்கு மட்டுமன்றி மோட்டார் வண்டியின் சக்கரத்திற்கும் பகையாகும்.

இடம் அமைந்தபின் ஊற்றுத் தோண்டுவர். சிறுவர் ஆவலோடு காத்திருக்கும் வேலை இதுவே.

மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று முற்றும் பொருந்துவதில்லை. அவற்றினிடையே சிறு வெற்றிடங்கள் உண்டு. ஒரு குடம் மணலில் உள்ள அவ்வெற்றிடங்களை எல்லாம் கூட்டினால், குடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வைகையில் வெள்ளம் வரும்போது இவ்வெற்றிடங்களில் நீர் புகுந்து நிரம்புகின்றது. மணலின் அடியிலுள்ள களிமண்ணோ பாறையோ அதனைக் கீழே போகவிடாமல் தாங்குகின்றது. வெள்ளம் வடிந்து ஆறு வறண்டுவிட்டதாக மக்கள் எண்ணும் காலத்தும், மணலுக்குள் நீர் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வைகை வறண்டது என்று சொல்வதைவிட அது மணலைப் போர்த்துக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும்.

கண்மாயில் திறந்து கிடக்கும் நீரை வெயில் நாள்தோறும் உறிஞ்சிவிடுகின்றது. மணலுக்குள் கிடக்கும் நீரை அதனால் அவ்வளவு எளிதாக அடைய முடிவதில்லை. பருமணலின் இடைவெளிகள் பெரியவையாதலின், நீர் அவற்றின் வழியே மேல்நோக்கி நெடுந்தொலைவு ஏற இயலாது. மேலே இரண்டு மூன்று அடி மணல் காய்ந்துவிட்டால், காய்ந்த அந்த மணலே கீழுள்ள நீருக்கு மூடியாகிவிடுகின்றது. நீருக்குக் காவலாக வேறு மூடி தேவையில்லை.

தோண்டும்போது முதலில் சுடுமணல் வரும். அடுத்துக் குளிர்ந்த மணல் வரும். பின்னர் நிறம் கறுத்த ஈரமணல் வரும். அதன் பின்னரே நீர் கசியும். குழியின் வாயை அகலமாக வெட்டாவிடில் பக்கங்கள் சரிந்து விழும். சரிவைத் தடுக்க அடியில்லாத பானை ஒன்றைக் குழிக்குள் இறக்குவதும் உண்டு. முதலில் ஊறும் நீர் கலங்கலாக இருக்கும். அதனை இரண்டு மூன்று முறை இறைத்து ஊற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் நீர் தெளியும். பிறகு சிரட்டையால் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவர். நீர் குறையக் குறைய மீண்டும் ஊறும். அவசரப்படுவோர்க்கு ஊற்று உதவாது.

இம்முறை மிகப் பழமையானது. இதே வைகைக் கரையில், மானாமதுரைக்கு மேல்பக்கத்தில் உள்ள கீழடியில், 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைத்த உறைகிணறுகள் வெளிப்பட்டன. அவ்வூரின் பழமை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்கின்றது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அடியில்லாத பானையை ஊற்றுக்குள் இறக்கும் குடும்பத்தாரும், உறையை மேலும் மேலும் அடுக்கிக் கிணறு ஆக்கிய அக்காலத்தாரும் கையாண்ட முறை ஒன்றே. கடல் கடந்த நாடுகளிலும் இவ்வறிவு உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மச்சாக்கோசுப் பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளின் குறுக்கே தாழ்ந்த சுவர்களைக் கட்டுகின்றனர். சுவரின் பின்னே தேங்குவது பெரும்பாலும் மணல்; அம்மணலுக்குள் நீர் தேங்குகின்றது. அவற்றுக்கு மணல் அணைகள் என்றே பெயர். அக்கண்டத்து யானைகளும் வறண்ட ஆறுகளில் காலாலும் துதிக்கையாலும் குழி பறித்து நீர் பருகுகின்றன. அக்குழிகளில் பிற விலங்குகளும் வந்து தாகம் தீர்த்துக்கொள்ளும்.

மணல் நீரைச் சேர்த்து வைப்பதோடு வடிகட்டவும் செய்கின்றது. 1829-இல் இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்னும் பொறியாளர் தேம்சு ஆற்று நீரை மணற்படுகையின் வழியே மெல்லச் செலுத்தித் தூய்மையாக்கும் அமைப்பை நிறுவினார். வைகையின் மணல் அவ்வேலையைச் சம்பளமின்றிச் செய்து வந்தது. எனினும், பெருநகர்களின் கழிவு ஆற்றில் கலக்கும் இந்நாளில், ஊற்றுநீர் தெளிந்திருப்பதை மட்டும் கண்டு அதனைக் குடித்தல் தகாது. காய்ச்சிக் குடிப்பதே அறிவுடைமை.

அடுத்தது அடுப்பு. மூன்று கல் கிடைத்தால் கல்லடுப்பு. கிடைக்காவிடில் மணலில் குழியடுப்பு. குழியடுப்பில் காற்று வரும் பக்கம் சிறு வாய்க்கால் போல் வெட்டிவிட்டால் தீ நன்கு பிடிக்கும். சுற்றிலும் மணல் இருப்பதால் பொறி பறந்து வண்டிக் கூண்டில் விழும் அச்சமும் குறையும். கூண்டும் வைக்கோலும் ஒரு பொறியில் எரிந்து சாம்பலாகும் பொருள்களாதலின், வண்டிக்கும் அடுப்புக்கும் இடையே நல்ல இடைவெளி விடுவர். விறகுக்குக் குறையில்லை. மேலே பகை என்று சொன்ன சீமைக்கருவேல் இங்கே நட்பாகிவிடும். அதன் காய்ந்த விறகு நின்று எரியும். நல்ல தணலும் தரும்.

மானாமதுரை மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இசையரங்குகளில் முழங்கும் கடமும் அங்கே செய்யப்படுகின்றது. 2023-இல் அவ்வூர் மட்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஆற்றில் தங்க வருவோர் வீட்டிலிருந்து பானை கொண்டுவராவிடினும் குறையில்லை. ஊருக்குள் சென்று ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். புதுப்பானையின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானைக்குள்ளிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஆதலின் உள்ளேயுள்ள நீர் குளிர்கின்றது. பானையின் அடியை ஈரமணலில் பதித்து வைத்தால் இக்குளிர்ச்சி நெடுநேரம் நிற்கும். சித்திரை மாதத்து நண்பகலில் அப்பானையைத் தேடி அண்டை வண்டிக்காரர்களும் வருவர்.

ஞாயிறு சாய்ந்ததும் முழுநிலா எழுகின்றது. நிலாச்சோற்றுக்கு இந்நாள் அமைந்தது தற்செயலன்று. மற்ற நாள்களில் நிலவு முன்னிரவிலோ பின்னிரவிலோ சில நாழிகை மட்டும் இருக்கும். முழுநிலா நாளிலோ ஞாயிறு மறையும் வேளையில் திங்கள் தோன்றி, ஞாயிறு எழும் வேளையில் மறையும். இரவு முழுவதும் விளக்கு வேண்டுவதில்லை. மின்விளக்கு இல்லாத காலத்தில் உலகெங்கும் மக்கள் இதனைக் கருதியே இரவுக் கூட்டங்களை அமைத்தனர். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகரில் நீராவிப் பொறியைச் சீர்செய்த ஜேம்ஸ் வாட் முதலிய அறிஞர் ஒரு சங்கம் வைத்திருந்தனர். அவர்கள் முழுநிலவை ஒட்டிய இரவுகளிலேயே கூடினர். கூட்டம் முடிந்து இருட்டில் வீடு திரும்புவது அக்காலத்தில் அத்துணை இடர். அதனால் அதற்குத் திங்கட் சங்கம் என்றே பெயர் வழங்கிற்று. மானாமதுரையில் கூடுவோர் அறிவியல் பேசுவதில்லை. ஆனால் நிலவின் கணக்கை அவர்களும் அறிவர்.

குடும்பத்தார் வட்டமாக அமர்வர். பாட்டி நடுவில் இருந்து, சோற்றைப் பிசைந்து உருட்டிக் குழந்தைகளின் கையில் இடுவார். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, வடகம், மாங்காய் ஊறுகாய் எனத் தம் வீட்டில் ஆக்கியதை அடுத்த குடும்பத்தாருக்கும் கொடுப்பர். அவர்கள் ஆக்கியதை இவர்கள் பெறுவர். பெயரும் ஊரும் கேட்டு முடிவதற்குள் இரு வீட்டுக் குழந்தைகளும் மணலில் ஒன்றாக விளையாடத் தொடங்கிவிடுவர். பகலெல்லாம் கால் வைக்க இயலாதபடி சுட்ட மணல், இரவு ஏற ஏறக் குளிரும். காய்ந்த மணல் வெப்பத்தைக் கீழே கடத்துவதில்லை; மேற்பரப்பில் ஏற்ற வெப்பத்தை வானத்திற்கே விரைவில் விட்டுவிடும். நள்ளிரவுக்குப் பின் போர்வை தேவைப்படுவதும், காலை பத்து மணிக்கு அதே இடத்தில் நிற்க முடியாமற் போவதும் இதனாலேயே. பாயின் அடியில் தோளும் இடுப்பும் படும் இடங்களில் மணலைச் சிறிது குழித்துக்கொண்டால், பஞ்சு மெத்தையும் அதற்கு ஈடாகாது. முதியோரும் பெண்டிரும் வண்டிக்குள்ளும், மற்றையோர் மணலிலும் உறங்குவர். தேளும் பூரானும் உலவும் பருவமாதலின், போர்வையையும் காலணியையும் உதறிப் பார்த்தே எடுத்தல் வேண்டும்.

ஆற்றுக்குள் தங்குவோர் மறக்கலாகாத ஒன்று வெள்ளம். வெள்ளம் தங்கியிருக்கும் இடத்தில் பெய்யும் மழையால் மட்டும் வருவதன்று. மானாமதுரையில் வானம் தெளிவாக இருக்கும் இரவில், மேற்கே மலைப்பகுதியில் கோடைமழை கொட்டியிருக்கலாம். ஆண்டிபட்டிக்கு அருகில் 1959-இல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர், மலைவெள்ளம் அங்கே தடுக்கப்பட்டு மதகின் வழியே விடப்படுகின்றது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் விழாவுக்காக அவ்வணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுவதும் உண்டு. எனவே நீர் திறப்பது பற்றிய அறிவிப்பைக் கேட்டறியாமல் ஆற்றில் படுத்தல் கூடாது. அறிவிப்பு எட்டாத காலத்து மக்கள் வேறு குறிகளை நோக்கினர். ஊற்றில் நீர் காரணமின்றி உயர்தல், சருகும் நுரையும் சுமந்து ஒரு மெல்லிய நீர்க்கோடு மணலில் ஊர்ந்து வருதல், தொலைவில் காற்று இரைவது போன்ற ஒலி கேட்டல் ஆகியவை அக்குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சாமான்களை எண்ணிக் கொண்டிராமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுதல் வேண்டும். வண்டிகளை நிறுத்தும்போதே நுகத்தடி கரையை நோக்கி இருக்குமாறு நிறுத்தும் வழக்கம் இதன் பொருட்டே ஏற்பட்டது.

மறுநாள் காலையில் புறப்பாடு. அடுப்புத் தணலை நீரூற்றி அவித்து மணலால் மூடுவர். எஞ்சிய சோறும் வாழையிலையும் காளைகளுக்கும் பறவைகளுக்கும் ஆகும். ஊற்றுக்குழியைத் தூர்க்காமல் விட்டால், இருட்டில் ஒரு கன்றோ குழந்தையோ அதில் விழக்கூடும். ஆதலின் அதனை மூடிவிட்டே செல்வர். வண்டி நகர்ந்தபின் அங்கே எஞ்சி நிற்பவை சக்கரத் தடமும் சிறிது சாணமுமே.

இத்தகைய தங்கல் மேலைநாட்டில் மோட்டார் வண்டியோடு பரவியது. அமெரிக்காவில் 1915 முதல் 1924 வரை, மோட்டார் தொழிலதிபர் ஹென்றி போர்டு, புதுமை ஆக்குநர் தாமஸ் எடிசன், டயர் தொழிலதிபர் ஹார்வி பயர்ஸ்டன் ஆகியோர், இயற்கை நூலாசிரியர் ஜான் பரோசு 1921-இல் மறையும் வரை அவரையும் உடன் அழைத்துக்கொண்டு, கோடைக்காலங்கள் பலவற்றில் வண்டிகளில் சென்று கூடாரமடித்துத் தங்கினர். தம்மை நாடோடிகள் என்று அவர்கள் அழைத்துக்கொண்டனர். ஆனால் சமையல் வண்டியும் சமையற்காரரும் மின்விளக்கும் பின்னே வந்தன. செய்தித்தாள்களில் அவர்தம் படங்களைக் கண்ட எளிய மக்களும் வண்டியும் கூடாரமுமாகப் புறப்பட்டனர். இந்நாளில் மானாமதுரை ஆற்றுக்கும் காரிலும் வேனிலும் குடும்பங்கள் வருகின்றன. இரண்டிரவுப் பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அதில் நன்மையும் உண்டு. நெடுவழி செல்ல இயலாத முதியோரும் நோயாளியும் நிலாச்சோற்றுக்கு வர முடிகின்றது. ஆனால் கார் வைக்கோலைத் தின்பதில்லை, இலையையும் தின்பதில்லை. வாழையிலை இருந்த இடத்தில் வந்த பிளாஸ்டிக் தட்டும் பையும் மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன. அடுத்த ஆண்டு தோண்டுவோர் மண்வெட்டியில் அவையே முதலில் சிக்குகின்றன.

அதனினும் பெரிய இழப்பு மணலின் இழப்பு. மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, உருண்டு, உடைந்து, ஆற்றின் வழியே வந்து மணலாவதற்கு எண்ணற்ற ஆண்டுகள் வேண்டும். அணையும் தடுப்பணைகளும் வெள்ளத்தோடு மணலையும் தடுப்பதால், கீழேயுள்ள ஆற்றுக்குப் புதுமணல் வருவது குறைந்தது. அதே காலத்தில் சிமெண்டுக் கட்டடங்கள் பெருகின. வண்டி கட்டிச் சென்று ஒரு வீட்டுக்கு வேண்டிய மணலை அள்ளி வந்த நிலை மாறி, எந்திரங்கள் ஆற்றில் இறங்கி லாரி லாரியாக அள்ளின. அடியிலுள்ள களிமண் தெரியுமளவும் மணலை எடுத்துவிட்டால், அவ்விடத்தில் வெள்ளம் வந்தாலும் ஓடிவிடும். நீரைத் தாங்கி வைக்கும் வெற்றிடங்கள் அங்கே இல்லை. கரையோரத்துக் கிணறுகளும் உள்வற்றும். பிற்பாடு மழைநீர் நிரம்பிய அப்பள்ளங்கள் நீந்த இறங்குவோரின் உயிரையும் வாங்குவதுண்டு. இது விழாவுக்கு வருவோரின் கவலை மட்டுமன்று. வைகை மணலில் இறக்கிய உறைகிணறுகள் ஆற்றோர ஊர்கள் பலவற்றிற்குக் குடிநீர் தருவன. சிவகங்கை நகருக்கும் இடைக்காட்டூர்ப் பக்கத்து ஆற்றுப்படுகை நீரே குழாய் வழியே வந்தது. கருங்கல்லை உடைத்து ஆக்கும் செயற்கை மணல் இப்போது கட்டடங்களுக்குப் பயன்படுகின்றது. அது சுவரை எழுப்ப உதவும். ஆற்றில் எடுத்த பள்ளத்தை அது நிரப்புவதில்லை.

இந்நாளில் நிலாச்சோற்றுக்கு வரும் குடும்பங்கள் சோற்றோடு குடிநீரையும் பெரிய பிளாஸ்டிக் குடுவைகளில் விலைக்கு வாங்கி வருகின்றன. பெரியவர்கள் அவற்றை வண்டியிலிருந்து இறக்கி அடுக்கும்போது, சிறுவர் ஒருபுறம் கையாலும் சிரட்டையாலும் மணலைத் தோண்டுகின்றனர். மணல் ஆழமாக எஞ்சியுள்ள இடங்களில், முழங்கை அளவு போனதும் குளிர்ந்த மணலும் அதன்கீழ் ஈரமணலும் வருகின்றன. பொறுத்திருப்பவர்க்கு நீரும் ஊறுகின்றது. மணல் அள்ளப்பட்ட இடங்களில் ஒரு சாண் தோண்டியதும் விரலில் களிமண் ஒட்டுகின்றது. சிறுவர் எழுந்து, சற்று மேல்பக்கம் நகர்ந்து, வேறோர் இடத்தில் தோண்டத் தொடங்குகின்றனர்.